எத்தனை ஃபண்டு வேண்டும்?

 

இன்றைய பேச்சு பணத்தைப் பற்றியது. பணம் சேர்ப்பது எப்படி என்பது அல்ல. சேர்த்த பணத்தை எத்தனை இடத்தில் வைப்பது என்பதுதான் இன்றைய கேள்வி.

முன்பு இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. தபால் ஆபீசில் ஒரு பாஸ்புத்தகம் இருந்தது. வங்கியில் ஒரு கணக்கு இருந்தது. மிச்சம் மீதி இருந்தால் ஒரு பவுன், அரைப் பவுன் நகை. இன்று மியூச்சுவல் ஃபண்டு என்ற சொல் காய்கறிச் சந்தை வரை வந்துவிட்டது. 2025-ல் மாதம் 250 ரூபாய் கட்டும் திட்டம்கூட வந்தது. கூலி வேலை செய்பவரும் சேரலாம். நல்லதுதான். ஆனால் சேர்ந்தவர் ஒன்றோடு நிற்பதில்லை. இரண்டு, நான்கு, எட்டு என்று போகிறது.

ஃபண்டு என்றால் என்ன?

பல பேருடைய பணத்தை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு பல கம்பெனிகளின் பங்குகளை வாங்குகிறார்கள். பங்கு என்பது கம்பெனியில் ஒரு சிறு பாகம். கம்பெனி வளர்ந்தால் பங்கின் விலை ஏறும். கம்பெனி தேய்ந்தால் விலை இறங்கும். சில ஃபண்டுகள் பங்கு வாங்குவதில்லை. கம்பெனிக்கும் அரசுக்கும் கடன் கொடுத்துப் பத்திரம் வாங்குகின்றன. பணம் போட்டவருக்கு யூனிட் என்ற கணக்கில் அவர் பாகம் எழுதப்படும்.

இந்தத் தொழிலைக் கண்காணிப்பது செபி என்ற அரசு அமைப்பு. பெயரில் ஃபண்டு என்று இருந்தால் மட்டும் போதாது. செபியில் பதிவு இருக்க வேண்டும். மேற்கு வங்காளத்தில் 2013-ல் சாரதா குழுமம் கவிழ்ந்தது. பத்திரிகைகள் அதைச் சிட்ஃபண்டு என்று எழுதின. ஏழை மக்களின் பணம் போயிற்று. அது மியூச்சுவல் ஃபண்டே அல்ல.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

நாக்பூர்ப் பக்கம் ஒரு ரயில்வே குடியிருப்பு. கணவர் ரயில்வேயில் கேங்மேன். வெயிலிலும் மழையிலும் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். மூத்த மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. மகன் பட்டறையில் வேலை செய்கிறான். இளைய மகள் நர்சிங் படிக்கிறாள். இன்னும் இரண்டு ஆண்டு படிப்பு மீதி இருக்கிறது. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கட்டணம்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கல்யாணக் கடன் அடைந்தது. கூரை ஓட்டை மாற்றினார்கள். மிச்சம் 6,60,000 ரூபாய். அதைக் கணவர் ஃபண்டுகளில் போட்டார். ஒன்றில் அல்ல, 11 ஃபண்டுகளில். ஒவ்வொன்றிலும் 60,000 ரூபாய்.

பதினொன்று எப்படி வந்தது? வங்கியில் சொன்னது மூன்று. மைத்துனர் ஏஜெண்டு, அவர் சொன்னது நான்கு. டீக்கடையில் கேள்விப்பட்டது இரண்டு. மகன் கைபேசியில் பார்த்துச் சேர்த்தது இரண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கவும் இல்லை.

மைத்துனர் ஒரு காரணம் சொன்னார். "மாமா, இது புதுத் திட்டம். ஒரு யூனிட் 10 ரூபாய்தான். பழைய திட்டத்தில் ஒரு யூனிட் 100 ரூபாய். மலிவாக இருக்கும்போதே வாங்கிப் போடுங்கள்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய்க்குப் புதியதில் 1,000 யூனிட் கிடைக்கும். பழையதில் 100 யூனிட் கிடைக்கும். இரண்டும் ஒரே கம்பெனிகளின் பங்கை வாங்குகின்றன என்று வையுங்கள். பங்கு விலை நூற்றுக்குப் பத்து ஏறுகிறது. புதிய யூனிட் 11 ரூபாய். பழைய யூனிட் 110 ரூபாய். இரண்டிலும் கையில் இருப்பது 11,000 ரூபாய். மலிவு எங்கே இருக்கிறது? 10 ரூபாய் யூனிட் என்ற பேச்சால் வாங்கிய ஃபண்டுகள் நாட்டில் ஏராளம்.

அம்மா படித்த தாள்

அந்த அம்மா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. எழுத்தறிவு மையத்துக்கு வந்து நாற்பது வயதுக்கு மேல் படித்தவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபண்டு நடத்துபவர்கள் எந்தெந்தக் கம்பெனியில் பணம் போட்டிருக்கிறார்கள் என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். அது செபியின் விதி. அந்தப் பட்டியல்களை மகள் கடையில் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தாள்.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். எச்.டி.எஃப்.சி. வங்கி. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி. ரிலையன்ஸ். இன்ஃபோசிஸ். லார்சன் அண்டு டூப்ரோ. அடுத்த தாளை எடுத்தார். அதே பெயர்கள், வரிசைதான் கொஞ்சம் மாறியிருந்தது. மூன்றாவது தாளிலும் அப்படியே. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பதினொரு தாளில் ஏழு தாள் ஒன்று போலவே இருந்தன.

"ஏங்க, இங்க வாங்க. இந்த ஏழும் வேற வேறயா?"

"வேற வேற கம்பெனி நடத்துறது. பேரைப் பாரு."

"மேல இருக்கிற பேரு வேறதான். உள்ள இருக்கிற பேரு எல்லாம் ஒண்ணா இருக்கே."

"ஒண்ணுல நஷ்டம் வந்தா இன்னொண்ணு காப்பாத்தும்னுதான் பிரிச்சுப் போட்டேன்."

"ஏரி ஒண்ணு. அதுல பாயுற வயலு பதினொண்ணு. ஏரி வத்தினா எந்த வயலு காப்பாத்தும்?"

கணவருக்கு உடனே பதில் வரவில்லை.

அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பெரிய கம்பெனிகளில் பணம் போடும் ஃபண்டுகளின் பட்டியலில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 2017 அக்டோபரில் செபி ஒரு விதி வகுத்தது. சந்தை மதிப்பில் முதல் 100 இடத்தில் உள்ளவை பெரிய கம்பெனிகள். 101 முதல் 250 வரை நடுத்தரக் கம்பெனிகள். அதற்குக் கீழே உள்ளவை சிறியவை. பெரிய கம்பெனி ஃபண்டு என்று பெயர் வைத்தால் பெரும்பகுதிப் பணத்தை அந்த முதல் 100-க்குள்தான் போட வேண்டும். அப்படி இருக்க, ஐந்து பேர் நடத்தும் ஐந்து ஃபண்டுகள் எப்படி வேறுவேறாக இருக்கும்?

அந்த ஏழில் இரண்டு ஃபண்டுகள் நிஃப்டி 50 என்ற பட்டியலை அப்படியே பின்பற்றுபவை. அந்தப் பட்டியலில் 50 கம்பெனிகள் உண்டு. இரண்டு ஃபண்டிலும் அதே 50 கம்பெனி, ஏறக்குறைய அதே அளவு. ஒரே பாலை இரண்டு சொம்பில் ஊற்றி வைத்தது போல!

சந்தை விழுந்தால்?

2020-ல் கொரோனா வந்தது. ஜனவரியில் சென்செக்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீடு சுமார் 42,000-ல் இருந்தது. மார்ச் 23-ஆம் தேதி சுமார் 26,000-க்கு இறங்கியது. இரண்டே மாதம். அப்போது ஒரு பங்கு ஃபண்டு வைத்திருந்தவருக்கும் அடி. பத்துப் பங்கு ஃபண்டு வைத்திருந்தவருக்கும் அடி. எண்ணிக்கை யாரையும் காப்பாற்றவில்லை. பணத்தில் ஒரு பாகத்தை வங்கியிலும் தபால் ஆபீசிலும் வைத்திருந்தவருக்கு அந்தப் பாகம் அப்படியே இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்செக்ஸ் மறுபடி 42,000-ஐத் தாண்டியது. காத்திருக்க முடிந்தவர் தப்பித்தார். ஆனால் ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர் எப்படிக் காத்திருப்பார்? கல்லூரி காத்திருக்குமா?

அந்த வீட்டில் ஆபத்து இங்கேதான் இருந்தது. மகளின் படிப்புக்கு இன்னும் 2,40,000 ரூபாய் வேண்டும். கடன் பத்திர ஃபண்டில் இருந்தது 1,20,000 மட்டும். மற்றது எல்லாம் பங்கில். பதினொரு ஃபண்டு இருந்தும், மகளின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் சந்தையின் தயவில் நின்றது.

கடன் பத்திர ஃபண்டு என்றாலும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 2020 ஏப்ரல் 23-ஆம் தேதி ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. அவற்றில் இருந்த பணம் சுமார் 25,000 கோடி ரூபாய். ஆறுக்கும் பெயர் வேறு வேறு. ஆனால் ஒரே கம்பெனிகளின் கடன் பத்திரங்கள் பல திட்டங்களில் இருந்தன. மூன்று திட்டத்தில் பிரித்துப் போட்டவருக்கும் மூன்று கதவும் ஒன்றாக மூடின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் இருந்து தவணை தவணையாகப் பணம் திரும்பி வந்தது. கடைசியில் முதலுக்கு மோசம் இல்லை. ஆனால் நடுவில் வந்த கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் அந்தப் பணம் உதவவில்லை.

அப்படியானால் ஒரே ஃபண்டு போதுமா?

இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1964-ல் யூனிட் டிரஸ்டு ஆஃப் இந்தியா, யு.எஸ். 64 என்ற திட்டத்தைத் தொடங்கியது. சட்டம் போட்டு உருவாக்கிய நிறுவனம். அரசாங்கப் பணம் போல என்று மக்கள் நம்பினார்கள். ஓய்வு பெற்ற பலர் தங்கள் சேமிப்பை அதில் வைத்தார்கள். 2001 ஜூலையில் யூனிட் விற்பதும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. அதையே நம்பி இருந்தவர்கள் தவித்தார்கள். பிறகு அரசு தலையிட வேண்டி வந்தது. 2003-ல் அந்த நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

ஆனால் அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றல்ல. இன்று ஒவ்வொரு வேலை நாளும் யூனிட்டின் மதிப்பைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். பங்கு ஃபண்டு ஒரே கம்பெனியில் தன் பணத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போடக் கூடாது என்று பொது விதி உண்டு. குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுக்கு விதி வேறு. வாங்கிய பங்குகள் ஃபண்டு நடத்துபவர் பெட்டியில் இருப்பதில்லை. அவற்றைக் காப்பதற்குத் தனி நிறுவனம் உண்டு. மேற்பார்வைக்கு அறங்காவலர்கள் உண்டு. ஒரு ஃபண்டு என்றால் ஒரு கம்பெனி அல்ல. நிஃப்டி 50 ஃபண்டு ஒன்றை வாங்கினாலே 50 கம்பெனியில் பாகம் கிடைக்கிறது. பிரித்துப் போடும் வேலை உள்ளேயே நடந்துவிடுகிறது.

ஆகவே மாதம் ஆயிரம், இரண்டாயிரம் போடுபவருக்கு ஒரு பங்கு ஃபண்டு போதும். 2,000 ரூபாயைப் பத்தாகப் பிரித்து 200 ரூபாய் வீதம் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. பணம் சற்றுப் பெருகியவர் இரண்டு வைக்கலாம். இரண்டும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். ஒருவரின் நிர்வாகத்தில் மட்டும் எல்லாவற்றையும் விட மனம் ஒப்பவில்லை என்றால், வேறு நிறுவனத்தில் வாங்கலாம். மூன்றாவது வேண்டும் என்பவர் அதற்கு ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். "ஏஜெண்டு சொன்னார்" என்பது காரணம் ஆகாது. "போன வருஷம் நன்றாக ஏறியது" என்பதும் ஆகாது. போன வருஷம் முதலில் வந்தது இந்த வருஷமும் முதலில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை.

அந்தக் கணவர் சிறிய கம்பெனி ஃபண்டு ஒன்றை விட மறுத்தார். "இது நல்லா ஏறுது. 22 சதவீதம் ஏறியிருக்கு" என்றார்.

மகள் தாளில் கணக்குப் போட்டாள். 60,000-க்கு 22 சதவீதம் 13,200 ரூபாய். மொத்தப் பணம் 6,60,000. அதில் 13,200 என்பது நூற்றுக்கு இரண்டு. அவ்வளவுதான்! பதினொன்றில் ஒன்று எவ்வளவு ஓடினாலும் வீட்டுக்கு வந்து சேர்வது இந்த அளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் நினைவு வந்தது. 2021-ல் அவருடைய கணவர் கொரோனாவில் இறந்துபோனார். ஒன்பது ஃபண்டு, ஒன்பதும் ஒன்பது நிறுவனம். எது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அலமாரியில் சில தாள். கைபேசியில் சில செய்தி. கைபேசியைத் திறக்கும் எண்ணும் அவரோடு போய்விட்டது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இறப்புச் சான்று, பான் கார்டு நகல், வங்கிக் கணக்குச் சான்று, விண்ணப்பம். இவை ஒன்பது முறை. நாமினி பெயர் இருந்த இடத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. நான்கு இடத்தில் நாமினி இல்லை. அங்கே வாரிசுச் சான்று கேட்டார்கள். உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். தாலுகா ஆபீசுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அந்த அக்கா நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது.

"நாளைக்கு எனக்கும் இப்படித்தானா?" என்று அம்மா கேட்டார். "பதினொரு எடத்துக்கு நான் போகணுமா?"

கணவர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாள்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஃபண்டின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது எல்லோரும் லாபத்தைப் பேசுகிறார்கள். பின்னால் இருப்பவர் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. உண்மையில் பெரிய காரணம் இதுதான். வீட்டில் இன்னொருவர் ஒரு பக்கத்தில் எழுதிப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு ஃபண்டு இருந்தால், அது அதிகம்.

விட்டுப்போன பணத்தைத் தேட வழி இல்லாமல் இல்லை. 2025-ல் மித்ரா என்ற தேடும் வசதிக்குச் செபி ஏற்பாடு செய்தது. பத்து ஆண்டுக்கு மேல் அசையாமல் கிடக்கும் ஃபண்டுக் கணக்குகளை அதில் தேடலாம்.

குறைப்பது எப்படி?

ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்றுவிடக் கூடாது. அந்தக் குடும்பம் இப்படிச் செய்தது.

முதலில் பான் எண்ணைக் கொடுத்து ஒருங்கிணைந்த கணக்குத் தாள் வாங்கினார்கள். எல்லா நிறுவனத்தின் ஃபண்டுகளும் அதில் ஒரே இடத்தில் வரும். மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்த திட்டங்களில் தவணையை நிறுத்தினார்கள். தவணையை நிறுத்துவது விற்பது ஆகாது. போட்ட பணம் அப்படியே இருக்கும்.

பிறகு ஒவ்வொன்றும் வாங்கிய தேதியைப் பார்த்தார்கள். பல பங்குத் திட்டங்களில் ஓர் ஆண்டுக்குள் விற்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். 60,000 ரூபாய்க்கு 600 ரூபாய். ஓர் ஆண்டு நிறைய இருபது நாள் இருந்த ஒன்றை இருபது நாள் விட்டுவைத்தார்கள். வரிச் சலுகைக்காக வாங்கிய திட்டம் ஒன்று இருந்தது. அதை மூன்று ஆண்டுக்கு முன் தொட முடியாது. அதை இருந்த இடத்தில் விட்டார்கள்.

வரியையும் கவனித்தார்கள். 2024 ஜூலை 23 முதல் உள்ள சட்டப்படி, ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டை விற்று வரும் லாபத்தில், நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை இந்த வரி இல்லை. அதற்கு மேலே வரும் லாபத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஓர் ஆண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு நூற்றுக்கு 20. இது லாபத்துக்குத்தான், முதலுக்கு அல்ல. லாபம் பெரிதாக இருப்பவர் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து விற்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அந்த அளவு லாபம் இல்லை.

விற்ற பணத்தில் 2,40,000 ரூபாயை மகள் படிப்புக்கு என்று வங்கியில் வைப்பு வைத்தார்கள். கட்டணம் கட்டும் மாதத்துக்கு முன் முதிரும்படி இரண்டு ரசீது. வைத்திய அவசரத்துக்கு 1,00,000 ரூபாய். அது சேமிப்புக் கணக்கிலும் தபால் ஆபீசிலும் இருக்கிறது. இன்னும் ஏழெட்டு ஆண்டு தொட வேண்டாத பணத்தை இரண்டு ஃபண்டில் வைத்தார்கள். ஒன்று நிஃப்டி 50-ஐப் பின்பற்றுவது. மற்றது பங்கும் கடன் பத்திரமும் கலந்தது. வரிச் சலுகைத் திட்டம் மூன்று ஆண்டு முடிந்ததும் முதல் ஃபண்டோடு சேர வேண்டும்.

மைத்துனருக்கு வருத்தம்தான். ஏஜெண்டுக்கு ஃபண்டு நிறுவனம் கமிஷன் கொடுக்கிறது. அது மறைமுகமாகப் பணம் போட்டவரின் பணத்தில் இருந்துதான் போகிறது. 2013 ஜனவரி முதல் ஏஜெண்டு இல்லாமல் நேரடியாக வாங்கும் வழியும் உண்டு. அதில் செலவு குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்து, சொந்தமாகப் பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கு அது ஏற்றது. முடியாதவர் பதிவு பெற்ற ஏஜெண்டு ஒருவரையே வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் சொல்வதைக் கேட்பதுதான் வம்பு. அந்த அம்மா மைத்துனரைச் சாப்பிட வைத்து, "தம்பி, இந்த ரெண்டையும் நீங்களே பார்த்துக்குங்க. புதுசு மட்டும் கொண்டு வராதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து அவர் தம் கையாலேயே எழுதினார். ஃபண்டின் பெயர், கணக்கு எண், போட்ட தேதி, தொகை, நாமினி பெயர், வங்கிக் கணக்கு எண். ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. நோட்டு அரிசி டிரம்முக்கு மேல் தட்டில் இருப்பது மகனுக்கும் மகளுக்கும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஃபண்டு இருந்தால் இன்று இரவே தாள்களை எடுத்துப் பாருங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நாமினி கட்டம் காலியாக இருந்தால் அதை முதலில் நிரப்புங்கள். ஏதேனும் சந்தேகம் இருந்தால் செபியின் இலவசத் தொலைபேசி எண் 1800 22 7575. தமிழிலும் கேட்கலாம்.